வீட்டுப் பீரும் ‘க்வெய்க்’ என்னும் சொல்லும்

நார்வேயின் மேற்குப் பகுதியிலுள்ள வோஸ், ஹார்டாங்கர் முதலிய வட்டாரங்களில் உழவர் தம் வீட்டிலேயே பீர் காய்ச்சும் வழக்கம் இன்றும் அறுபடாமல் உள்ளது. கடைகளில் பீர் கிடைக்கும் காலத்திலும் அவ்வழக்கம் நிலைத்திருப்பது ஏன் என்னும் வினாவிற்கு அவ்வட்டாரச் சொல்லொன்று விடை தருகிறது.

தொடக்கத்தில் இது கடமையாக இருந்தது. இடைக்காலக் குலத்திங் சட்டம், கிறிஸ்துமஸ் முதலிய திருநாள்களுக்குப் பீர் காய்ச்சுவதைக் கட்டாயமாக்கியது. தவறியவர் தண்டம் செலுத்தினர். மூன்றாண்டுகள் தொடர்ந்து தவறியவர் உடைமையை இழக்கவும் நேர்ந்தது.

சட்டம் வழக்கொழிந்த பின்னர் மரபைக் காத்தவற்றுள் முதன்மையானது, பீரைப் புளிக்கச் செய்யும் ஈஸ்ட் ஆகும். அதனை அங்கே ‘க்வெய்க்’ என்பர். ‘உயிருள்ள’ எனப் பொருள்படும் பழைய நார்ஸ் ‘க்விக்ர்’ என்பதனோடு இச்சொல் தொடர்புடையது. ஆங்கிலக் ‘குயிக்’ என்பதும் இதன் இனச்சொல்லே. ஒருமுறை காய்ச்சியதிலிருந்து க்வெய்க்கை எடுத்து உலர்த்தி அடுத்த முறைக்கு வைப்பர். அது கெட்டால் அண்டை வீட்டாரிடம் பெறுவர். இவ்வகை ஈஸ்ட்டுகள் மரபணு அடிப்படையில் தனிக்குழுவாக அமைவதை 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. ஆகவே, காய்ச்சுவதைக் கைவிடுதல் ஒரு பானத்தை மட்டுமன்றி வழிவழியாக வந்த ஓர் உயிரையும் கைவிடுதலாகும். கடை ஈஸ்ட் பரவிய பல ஊர்களில் அவ்வாறே நிகழ்ந்தது.

இச்சொல்லை ‘ஈஸ்ட்’ என்று மட்டும் பெயர்த்தால் பொருள் கிட்டும், உறவு புலப்படாது. அண்டை வீட்டில் உறைமோர் வாங்கும் நம் வழக்கை நோக்க, ‘உறை’ என்பதே இதற்கு நெருங்கிய தமிழ்ச்சொல் எனலாம்.