ஜீயபுரத்துப் பாட்டியும் பேரன் ரங்கனும்

ஸ்ரீரங்கத்தில் பங்குனி மாதம் ஆதி பிரம்மோத்ஸவம் நடக்கும். கொடியேறின 3-ம் நாள் நம்பெருமாள் ஊரில் இருக்க மாட்டார். பல்லக்கில் காவிரியைத் தாண்டி, தென்கரையில் கரூர் ரோட்டில் இருக்கிற ஜீயபுரத்துக்கு வந்துவிடுவார். அங்கே அவருக்கு நடக்கிற இரண்டு உபசாரங்கள் வேறெங்கும் பார்க்கக் கிடைக்காதவை. முடிதிருத்தும் தொழிலாளர்கள் மண்டபத்தில் அவர் எதிரில் ஒரு கண்ணாடியை வைத்து, அந்தக் கண்ணாடியில் தெரிகிற உருவத்துக்குச் சவரம் செய்கிறார்கள். அப்புறம் சாப்பாடு: பழைய சோறு, தொட்டுக்க மாவடு.

வருஷம் முழுக்கப் பெரிய மடைப்பள்ளியிலிருந்து தளிகை ஏற்றுக்கொள்கிறவருக்கு இங்கே பழையது. ஏன் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. திருச்சிப் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும், மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜீயபுரத்தில் ஒரு பாட்டி. துணைக்குப் பேரன் ரங்கன் மட்டும். ஒருநாள் காலையில் ரங்கன் முகம் திருத்திக்கொள்ள ஆற்றங்கரைக்குப் போகிறான். முடிந்ததும் குளிக்க இறங்குகிறான், வெள்ளம் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. அடித்துப் போனவன் ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபத்துப் பக்கம் கரை ஒதுங்குகிறான். பாட்டி தவித்துப் போவாளே என்று ரங்கநாதரை வேண்டிக்கொள்கிறான். இங்கே பாட்டி "ரங்கா, ரங்கா" என்று கரையில் கூப்பிட்டுக்கொண்டே நிற்கிறாள். முகம் திருத்தின கோலத்தோடு ரங்கன் எதிரில் வந்து நிற்கிறான். வீட்டுக்குக் கூட்டிப் போய்ப் பழையது போட்டு மாவடு வைக்கிறாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வாசலில் நிஜ ரங்கன். உள்ளே உட்கார்ந்திருந்தவரைக் காணோம்.

பக்திக் கதையாக இதை நிறையப் பேர் உருகிச் சொல்லியிருக்கிறார்கள். அதை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். எனக்கு இது ஒரு வீட்டைப் பற்றின ஆவணமாகத்தான் தெரிகிறது. கதையில் ராஜா கிடையாது, கல்வெட்டு கிடையாது, வருஷமும் கிடையாது. ஆனால் ஆற்றங்கரை ஊரில் பிள்ளை வளர்க்கிற வீடு எப்படி நடந்தது என்பது அப்படியே பதிவாகியிருக்கிறது.

பையன் ஏன் ஆற்றில் இறங்கினான் என்று பாருங்களேன். முடி வெட்டிக்கொண்டு வந்தால் குளிக்காமல் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்பது அன்றைய விதி. என் சின்ன வயசில்கூட எங்கள் வீட்டுப் பையன்கள் கொல்லைப்புறமாக வந்து, எதையும் தொடாமல், கிணற்றடியில் நின்றுதான் தலையில் தண்ணி ஊற்றிக்கொள்வார்கள். கரையோர ஊர்களில் மரத்தடியில் சவரம், அப்படியே ஆற்றில் முழுக்கு, ஈரத் துணியோடு வீடு. தீட்டு என்கிற பெயரில் தொழில் செய்கிறவரைத் தள்ளி நிறுத்தின விதி அது, சந்தேகமே இல்லை. வேடிக்கை என்னவென்றால், பெருமாள் வந்தால் அதே தொழிலாளர்களின் மண்டபத்தில்தான் உட்கார்ந்து முகம் திருத்திக்கொள்கிறார்.

இது இந்தக் கோயிலுக்குப் புதிசும் இல்லை. 1323 படையெடுப்பின்போது ஊரைவிட்டுப் போன உற்சவ மூர்த்தி 1371-ல் திரும்பி வந்தபோது, எது அசல் விக்கிரகம் என்று சந்தேகம் வந்ததாம். திருவாடை துவைத்த வயதான ஈரங்கொல்லி ஒருவர், ஈரத் துணியின் வாசனையை வைத்து "இவரே நம் பெருமாள்" என்று அடையாளம் சொன்னார், அந்தப் பெயரே நிலைத்தது என்பது கோயில் வரலாறு. துணி துவைத்தவர் அடையாளம் சொல்கிறார், முடி திருத்துகிறவர் கண்ணாடி பிடிக்கிறார், ஒரு பாட்டி பழையது போடுகிறாள்.

சரி, கதையில் ஒரு சிக்கல் இருக்கிறது. காவிரியில் வெள்ளம் வருவது குடகில் தென்மேற்குப் பருவமழை பிடித்த பிறகு, ஆனி கடைசி, ஆடி, ஆவணி. பங்குனியில் ஆறு மணல்வெளி. அப்படியென்றால் ஆடியில் நடந்திருக்க வேண்டிய கதைக்குப் பங்குனியில் உற்சவம் ஏன்?

என் ஊகம் இது. பல்லக்கைத் தூக்கிக்கொண்டு ஆற்றைத் தாண்ட வேண்டும். பாலம் இல்லாத காலத்தில் அதற்குத் தோதான மாதம், தண்ணி வடிந்து கிடக்கிற பங்குனிதான். இரண்டு பருவத்தையும் சேர்த்துப் பிடித்திருப்பது மாவடு. மாசி, பங்குனியில் சந்தைக்கு வருகிற பிஞ்சு மாங்காயை விளக்கெண்ணெய் தடவி, உப்பு, மிளகாய், கடுகுப் பொடி போட்டு ஜாடியில் வைத்துத் தினம் ஒரு குலுக்குக் குலுக்கினால் சுருங்கி வடுவாகிவிடும். கை படாமல் அகப்பையால் எடுத்தால் ஒரு வருஷம் கெடாது. ஆடி வெள்ளத்தன்று பாட்டி எடுத்து வைத்தது பங்குனியில் போட்ட வடுவாகத்தான் இருந்திருக்கும்.

இன்னொரு விஷயம், ஜீயபுரம் மேற்கே, ஸ்ரீரங்கம் கிழக்கே. பையன் ஆற்றோடு இறங்கிப் போன தூரத்தைப் பெருமாள் வருஷா வருஷம் எதிர்த் திசையில் ஏறி வருகிறார். தென்கரையில் விழுந்தவன் அம்மா மண்டபத்தில் ஒதுங்குவான் என்று கதை கட்டினவருக்கு ஆறு நன்றாகத் தெரிந்திருக்கிறது. பக்கத்தில் முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம். தெற்குக் கிளைதான் அம்மா மண்டபத்துப் படிகளைத் தொட்டுக்கொண்டு போகிறது.

வெள்ளம் என்றால் எப்படிப்பட்ட வெள்ளம் என்பது இப்போது நமக்கு அவ்வளவாகப் புரியாது. 1836-ல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டினார். அது தண்ணீரைப் பங்கு பிரிக்கத்தான், பிடித்து வைக்க அல்ல. 1924 ஜூலை கடைசியில், ஆடி பிறந்து பத்து நாள் ஆகியிருக்கும், காவிரியில் விநாடிக்கு நாலரை லட்சம் கனஅடிக்கு மேல் வந்தது. மலையாளத்தில் அதே மழையைத்தான் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்கிறார்கள். மறு வருஷம் 1925-ல் மேட்டூர் வேலை ஆரம்பித்து 1934-ல் முடிந்தது. 120 அடி, 93.47 டிஎம்சி. அதற்கப்புறம் ஆறு தானாக வருவது பெரும்பாலும் நின்றுபோய், திறந்துவிட்டால் வருகிற ஆறாக மாறிவிட்டது. எப்போதாவது மறந்துபோன குணத்தைக் காட்டும். 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகள் இடிந்து விழுந்தது நினைவிருக்கும்.

பள்ளிக்கூடம் எல்லாருக்கும் இல்லாத காலத்தில் கரையோரக் குழந்தைகளுக்கு லீவு என்று தனியாக எதுவும் கிடையாது. ஆற்றை வைத்துத்தான் அவர்கள் வருஷம் ஓடியிருக்கிறது. பங்குனி, சித்திரையில் மணலில் ஊற்றுத் தோண்டுவது. முழங்கை ஆழம் பறித்தால் தண்ணி கசியும், முதல் கலங்கலை இறைத்துவிட்டுத் தெளிகிறவரை காத்திருக்க வேண்டும். அதற்குள் இரண்டு பேர் சண்டை போட்டு ஊற்றை மிதித்துத் தூர்த்துவிடுவார்கள். வெயில் தாழ்ந்தால் வெள்ளரிப்பிஞ்சு. சித்ரா பௌர்ணமிக்குக் கட்டுச்சோற்று மூட்டையோடு குடும்பம் குடும்பமாக ஆற்று மணலில் நிலாச் சாப்பாடு. அன்றைக்கே அம்மா மண்டபத்தில் நம்பெருமாளுக்குக் கஜேந்திர மோட்சம், யானை தண்ணியில் இறங்கி நிற்கும். தண்ணியில் மாட்டிக்கொண்டவன் கூப்பிட ஒருத்தர் வந்து காப்பாற்றுகிற கதை, ஒரே ஆற்றில், பங்குனியில் ஒன்றும் சித்திரையில் ஒன்றுமாக. கோடையில் ஆறு காலடியில் கிடக்கும்போதே இரண்டையும் நடித்துக் காட்டிவிடுகிறார்கள்.

அப்புறம் ஆடி 18. புதுத் தண்ணி வந்திருக்கும், ஆறு கர்ப்பிணி, மசக்கைக்காரிக்குச் சித்திரான்னம் கட்டிக்கொண்டு போவது. காதோலை, கருகமணி, காப்பரிசி. குழந்தைகளுக்கு அதில் எல்லாம் நாட்டம் இல்லை, அவர்களுக்குச் சப்பரத்தட்டிதான். கயிறு கட்டின சின்ன மரத்தேரில் ஒரு சாமி படத்தை ஒட்டி, தெருவெல்லாம் கடகடவென்று இழுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவார்கள். ஆனால் தண்ணிக்குள் போக விடமாட்டார்கள். நீச்சல் பழகுவதும் பெரும்பாலும் வாய்க்காலில்தான். பேட்டைவாய்த்தலையில் பிரிந்து திருச்சிக்குள் ஓடுகிற உய்யக்கொண்டான் சோழர் கால வாய்க்கால், பெயரே ராஜராஜனின் பட்டப்பெயர். இடுப்பளவு தண்ணியில் வாழைமரத் துண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காலை அடிப்பது, கரையில் தாத்தாவோ மாமாவோ துண்டோடு உட்கார்ந்திருப்பது என்று என் பாட்டி சொல்வாள். பெண் பிள்ளைகளுக்கு அதுவும் கிடையாது, படித்துறையோடு சரி.

இப்போதைய கணக்கு வேறு. ஸ்கூல் லீவு ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே முழுக்க. ஜூனில் ஸ்கூல் திறக்கும். மேட்டூர் திறக்க வழக்கமான தேதியும் ஜூன் 12. அணையில் இருப்பு இல்லாத வருஷங்களில் அதுவும் தள்ளிப் போகும். ஆக, ஊருக்கு வருகிற பேரன் பேத்திகளுக்குக் கிடைக்கிற லீவு மொத்தமும் ஆற்றில் பெரிய ஓட்டம் இல்லாத நாள். தண்ணி நிறைந்து ஓடும்போது அவர்கள் சென்னையிலோ பெங்களூரிலோ வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். ஆடி 18 ஆகஸ்ட் 2 அல்லது 3-ல் வரும், ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தால் உண்டு. தண்ணி வராத வருஷங்களில் படித்துறையில் ஷவர் வைத்துக் குளிக்கவிட்டதையும் பார்த்தாச்சு.

ஓட்டம் இல்லாவிட்டால் பயம் இல்லை என்று தோன்றும். அங்கேதான் விபரீதம். மணல் அள்ளின பள்ளங்களில் தண்ணி தேங்கி நிற்கும், மேலே பார்த்தால் கணுக்கால் ஆழம் மாதிரி இருக்கும், ஒரு எட்டு வைத்தால் ஆளை விழுங்கும். கோடை லீவில் தினத்தாளின் உள்ளூர்ப் பக்கத்தைப் புரட்டினால், உறவினர் வீட்டுக்கு வந்த இடத்தில் ஆற்றில் குளிக்கப் போன பிள்ளைகள் என்று ஒரு செய்தி இல்லாமல் மாதம் போகாது. "வந்த இடத்தில்" என்கிற சொல்லைக் கவனியுங்கள். உள்ளூர்ப் பையனுக்கு எங்கே பள்ளம் என்று தெரிந்திருக்கும், ரங்கனுக்கும் ஆறு தெரியும். வெள்ளம் வருகிற மாதத்தில் வெள்ளம் வந்தது. லீவுக்கு வந்த குழந்தைக்கு ஆறு என்பது போட்டோ எடுக்கிற இடம்.

கதையில் ரங்கன் திரும்பி வந்துவிடுகிறான். அத்தனை தலைமுறையில் எத்தனையோ வீடுகளில் வராமல் போயிருப்பார்கள். வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்ட பாட்டிகள் அங்கே ஒருத்தி மட்டும் இருந்திருக்க முடியாது. வருஷத்துக்கு ஒருநாள், பெருமாளே பேரனாக வந்து உட்கார்ந்து பழையது சாப்பிட்டுவிட்டுப் போகிறார் என்று ஓர் ஊர் ஏற்பாடு பண்ணி வைத்திருப்பதை நான் அந்த வீடுகளை நினைத்துத்தான் படிக்கிறேன்.

எங்கள் வீட்டில் இரண்டு. பெண்ணுக்கு எட்டு வயசு, பையனுக்கு நாலு. போன லீவில் மாமியார் வீட்டில், மத்தியானம் வெளியே விட முடியாத வெயிலில், இந்தக் கதையைச் சொன்னேன். பையன் கேட்டது, "கண்ணாடிக்கு ஷேவ் பண்ணா பெருமாளுக்கு எப்படி முடி போகும்?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. பெண் கேட்டது வேறு. "அவர் சாப்ட்டுட்டாரே, நிஜ ரங்கன் வந்தப்போ அவனுக்குச் சோறு இருந்துச்சா?" கதை சொல்கிறவர்கள் யாரும் அந்த இடத்தைத் தொடுவதே இல்லை, பெருமாள் மறைந்ததும் கதை முடிந்துவிடும். மாமியார் ஜாடியைக் குலுக்கிக்கொண்டே சொன்னார்: "ஆத்துல அகப்பட்டு மீண்டு வந்தவனுக்குப் பழையதா போடுவா? அவனுக்குச் சுடச்சுட உலை வெச்சிருப்பா."

இந்த லீவில் இரண்டு பேரையும் நீச்சல் குளத்தில் சேர்த்திருக்கிறோம். காசு கொஞ்சம் ஜாஸ்திதான். சித்ரா பௌர்ணமிக்கு யானை பார்க்க அம்மா மண்டபம் போக வேண்டும் என்று இப்போதிலிருந்தே நச்சரிப்பு. அழைத்துப் போகிறோம். மூன்றாவது படிக்குக் கீழே இறங்கக் கூடாது, பாட்டி கையை விடக் கூடாது என்று பேச்சு.