கண்டோரும் கேட்டோரும்: சீன இசைநாடக அரங்கிற் பிறநாட்டுப் பயணிகள்

சீன நாடக மரபை ஆராயப் புகுவோர் முதலிற் கருத்திற் கொள்ளத்தக்கது ஒரு சிறு சொல்வழக்காகும். பெய்ஜிங் நகரின் பழைய நாடகச் சுவைஞர் தாம் நாடகம் 'பார்க்க'ச் செல்வதாகக் கூறுவதில்லை. நாடகம் 'கேட்க'ச் செல்வதாகவே கூறுவர். இது வெறும் பேச்சு மரபன்று. சிங் அரசமரபின் காலத்தில் அந்நகரத்து நாடகங்கள் பெரும்பாலும் தேநீர்ச்சாலைகளிலே நிகழ்ந்தன. தூண்கள் தாங்கிய சதுர மேடை மண்டபத்தினுள்ளே முன்தள்ளி நிற்க, அதன் மூன்று பக்கங்களிலும் மக்கள் அமர்ந்தனர். மேடைக்கு எதிரே கிடந்த நீண்ட மேசைகள் குறுக்காக அன்றி நெடுக்காகவே இடப்பட்டிருந்தன. ஆகவே மேசையின் இருமருங்கும் இருந்து தேநீர் அருந்தியோர் ஒருவரையொருவர் நோக்கியே இருந்தனர். மேடையின்பால் திரும்பியிருந்தது அவர்தம் முகமன்று, செவியே.

இத்தகைய அரங்கினுள் மொழியறியாப் பயணி ஒருவன் புகும்போது அவனுக்கு எஞ்சுவது கண் ஒன்றே. உள்ளூரார் எதனைக் கேட்க வந்தனரோ, அது அவனுக்கு வெற்றோசையாகிறது. ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளாகப் பிறநாட்டார் எழுதிவைத்த குறிப்புகள் சீன நாடக வரலாற்றுக்குப் பெருந்துணை புரிவன என்பதில் ஐயமில்லை. சீனக் கற்றோர் எழுதத் தேவையில்லை என்று விட்டுவிட்ட அன்றாட வழக்கங்களைப் புதியவனின் கண்ணே பதிவு செய்தது. ஆயினும் அக்குறிப்புகள் எதற்குச் சான்றாவன, எதற்குச் சான்றாகா என்பதைப் பகுத்துணராது அவற்றைக் கையாளுதல் தவறான முடிவுகளுக்கு இட்டுச் செல்லும்.

1556ஆம் ஆண்டிலே தென்சீனத்துக் குவாங்சோ நகரிற் சில வாரங்கள் தங்கிய போர்த்துக்கேயத் துறவி கஸ்பார் த குறூஸ், சீனரின் நாடகங்களைப் பாராட்டியே எழுதினார். நடிகரின் ஆடைகள் சிறந்தனவென்றும் நடிப்பு உயிர்ப்புடையதென்றும் அவர் கூறினார். அவர் கண்ட குறை ஒன்றுதான். ஒரே நடிகன் இரு பாத்திரங்களை ஏற்கும்போது, காண்போர் முன்னிலையிலேயே உடை மாற்றிக்கொள்கிறான் என்பதே அது. நடிகர் உரத்த குரலில், பாடுவது போலப் பேசுகின்றனர் என்பதையும் அவர் குறித்தார். நடிகர் சிலவேளை போர்த்துக்கேய வணிகரின் கப்பல்களுக்கே சென்று பொருள் வேண்டி நடித்தனர் என்ற செய்தியும் அவர் நூலிலே உண்டு. மேடையில் மறைக்கவேண்டியது இது, மறைக்க வேண்டாதது இது என்று அவர் கொண்ட வேறுபாடு ஐரோப்பாவுக்குரியது. சீன அரங்கோ தான் அரங்கு என்பதை மறைக்க முயன்றதில்லை. குறையென அவர் எழுதிய அவ்வொரு வாக்கியமே இன்று வரலாற்றாசிரியனுக்குப் பயன்படும் சான்றாகின்றது.

மொழியறியாமை மட்டுமே இடர்ப்பாட்டுக்குக் காரணம் என்று கொள்ளுதலும் பொருந்தாது. 1583 தொடக்கம் 1610இல் இறக்கும்வரை சீனத்திலே வாழ்ந்த இத்தாலிய யேசுசபைத் துறவி மத்தேயோ றிச்சி சீனமொழியிலே நூல்கள் இயற்றுமளவுக்குப் புலமை பெற்றவர். அவர் தரும் விவரங்கள் நுட்பமானவை. நாடகக்குழுக்கள் நாடெங்கும் திரிந்தன. விருந்துகளிலே குழுத்தலைவன் நாடகப் பெயர்கள் அடங்கிய ஏட்டை விருந்தினரிடம் நீட்ட, அவர்கள் வேண்டியதைத் தேர்ந்தனர். உண்டுகொண்டே நாடகத்தைக் கண்டனர். ஏறக்குறைய யாவும் பாடப்பட்டனவேயன்றிப் பேசப்பட்டவை அரிது. இவ்வளவும் அறிந்த றிச்சி, நாடகத்தின்பால் சீனர் கொண்ட பற்றை நாட்டைப் பிடித்த கேடாகவே கருதினார். சிறுவரை விலைக்கு வாங்கி நடிப்புத் தொழிலுக்குப் பழக்கும் வழக்கத்தை அவர் கண்டித்தமை நியாயமானதே. ஆயின் அக்கண்டனத்தோடு அவர் கலையையும் சேர்த்தே ஒதுக்கினார். அவர் செவி கேட்டது, உளம் இசையவில்லை.

காண்பதற்கும் கேட்பதற்கும் இடையேயுள்ள தொலைவு அரசியற் பொருள் பெற்ற நிகழ்ச்சி 1793ஆம் ஆண்டில் இடம்பெற்றது. பிரித்தானிய மன்னரின் தூதராக வந்த மக்காட்னி பிரபு வணிக உரிமைகளை வேண்டி, பெருஞ்சுவருக்கு அப்பாலுள்ள ஜெஹோல் கோடை அரண்மனையிலே சியன்லுங் பேரரசரைக் கண்டார். திறைசெலுத்தும் நாடுகளின் தூதர் நெற்றி நிலந்தோய வணங்குவது மரபு. மக்காட்னி அதற்கு இணங்காது, தம் மன்னருக்குச் செய்வதுபோல ஒற்றை முழங்காலிட்டே வணங்கியதாக எழுதினார். சில நாட்களின் பின் பேரரசரின் பிறந்தநாள் விழாவையொட்டி அரண்மனை அரங்கிலே நாடகங்கள் நிகழ்ந்தன. ஒன்றன்மேலொன்றாக மூன்று நிலைகளைக் கொண்ட மேடை அது.

அங்கு கண்ட ஊமக்கூத்து ஒன்றை மக்காட்னி தம் நாட்குறிப்பில் விரிவாக வருணித்தார். நிலமும் கடலும் தத்தம் செல்வங்களைக் காட்டி நின்றன. ஒருபுறம் யானை, புலி, கழுகு, தீக்கோழி என்பன. மறுபுறம் திமிங்கிலம், ஓங்கில், சிப்பி, பவளம், கப்பல் என்பன. ஈற்றில் திமிங்கிலம் பேரரசரின் இருக்கைக்கு எதிரே ஊர்ந்து வந்து, வாயிலிருந்து பெருமளவு நீரைப் பீச்சியது. நீர் தரையிலிருந்த துளைகளினூடே வடிந்து மறைந்தது. இதனை நிலமகளும் கடலரசனும் மணம்புரியும் காட்சியென்றே அவர் ஊகித்தார். ஊகம் அழகியதே.

ஆயின் சிங் அரண்மனை நாடக ஏடுகளுள் 'நாற்கடலிலும் அமைதி' என்னும் பொருள்படும் பெயரினதாகிய நாடகமொன்று உண்டு. இத்தூதுக்குழுவின் வருகையையொட்டி அமைக்கப்பட்டதென ஆய்வாளர் கருதும் அந்நாடகத்திலே தெய்வப் பாத்திரங்கள் தோன்றி, தொலைகடல் கடந்து இங்கிலாந்து திறை கொணர்ந்தமையைப் பேரரசரின் புகழாக அறிவிக்கின்றன. முழுவணக்கம் செலுத்த மறுத்துத் தம் நாட்டின் நிகர்மையை நிலைநாட்டியதாக எண்ணிய தூதர், தம்மைத் திறைகொணர்ந்தவராகப் பாடும் அரங்கின் முன்னே அதனை அறியாது அமர்ந்திருந்தார் என்பதே இதனாற் பெறப்படும். அவர் கண்ணுக்கு எதுவும் தப்பவில்லை. தப்பியது அவரைப் பற்றிய செய்தியே. வணிக வேண்டுகோள்கள் யாவும் பின்னர் மறுக்கப்பட்டமை வரலாறு அறிந்ததே. அரண்மனை மடல் கூறவிருந்த விடையை மேடை முன்னதாகவே ஒருவாறு கூறிவிட்டது.

நூல்வழியாகச் சீன நாடகத்தை அறிந்தோரும் இக்குறைக்கு விலக்கானவர் அல்லர். யுவான் காலத்துச் சி சுன்சியாங் இயற்றிய 'சாவோ குலத்து அநாதை' என்னும் நாடகத்தைப் பிரெஞ்சு யேசுசபையினரான பிறேமார் மொழிபெயர்த்தார்; அது 1735இல் பாரிசில் வெளியான து ஹால்டின் பெருந்தொகுப்பிலே இடம்பெற்றது. உரைப்பகுதிகள் பெயர்க்கப்பட்டன, பாடல்கள் பெரும்பாலும் விடப்பட்டன. அதைத் தழுவி வோல்தேர் எழுதிய நாடகம் 1755இல் பாரிசிலே மேடையேறிப் புகழ்பெற்றது. பாடல்களையும் உள்ளடக்கிய பெயர்ப்பினைச் ஸ்தனிஸ்லாஸ் யூலியன் 1834இலேயே வெளியிட்டார். இடைப்பட்ட ஏறத்தாழ நூறாண்டுகள் ஐரோப்பா அறிந்திருந்த அந்நாடகம், பாட்டிழந்த இசைநாடகமாகும்.

19ஆம் நூற்றாண்டில் துறைமுகங்கள் போரினால் திறக்கப்பட்டபின் பயணிகள் தொகையும் பெருகிற்று. இதே காலத்தில், 1790இல் சியன்லுங்கின் எண்பதாவது பிறந்தநாளுக்கென அன்ஹுய் மாகாணத்திலிருந்து வந்த குழுக்களின் வழியே, பெய்ஜிங் ஒப்பேரா எனப்படும் புதிய வடிவம் உருப்பெற்றது. சேகண்டியும் தாளமும் எழுப்பும் பேரோசை, ஆண்கள் பெண்குரலிற் பாடுதல், காட்சித்திரையின்மை, நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே நாற்காலியை இடம்மாற்றும் மேடைப் பணியாளன் ஆகியவை பயணிகளை ஓயாது வியப்பித்தன. சீன இலக்கியத்தில் ஊறிய யப்பானிய எழுத்தாளர் அக்குத்தகாவா 1921இல் ஷாங்காய் சென்றபோதும் முதலில் அவரைத் தாக்கியது அவ்வோசையே. உண்மையில் அவ்வாத்தியங்கள் திறந்தவெளியிலும் கோயில் முன்றிலிலும் திரளும் பெருங்கூட்டத்துக்கு எட்டுமாறு வளர்ந்தவை. ஒரு மேசையும் இரு நாற்காலிகளும் மலையாகவும் மதிலாகவும் மாறின. குதிரைச்சவுக்கு ஒன்றே குதிரையாயிற்று. பாட்டின் சொற்கள் இடத்தைச் சுட்டியமையால் திரை தேவைப்படவில்லை. சொல்லைக் கேளாதவனுக்கோ மேடை வெறுமையாகவே தோன்றிற்று.

வெளியார் இகழ்ந்தனர், உள்ளூரார் போற்றினர் என்று இவ்வரலாற்றை எளிதில் வகுத்துவிடவும் இயலாது. 1918இல் 'புதிய இளைஞன்' இதழிலே ஹூ ஷி முதலிய சீனச் சீர்திருத்தவாதிகள், முகவண்ணத்தையும் சேகண்டியையும் பழைமையின் எச்சங்கள் எனக் கண்டித்தனர். மேலை அறிவுக் கண்ணாற் பார்த்த அவர்கள் நாடகத்தைக் கேட்பதை விடுத்துக் காணத் தொடங்கினர் எனலாம். மாறாக, அக்காலத்து மேலைநாட்டு அரங்கியலார் சிலர் இயல்பு நவிற்சியிற் சலிப்புற்று, சீன மேடையின் குறியீட்டு மரபை வியந்து நோக்கலாயினர்.

இந்நிலையிலேயே 1924இல் இரவீந்திரநாத் தாகூர் சீனம் சென்றார். பெய்ஜிங்கில் அவருக்கென மேய் லான்பாங் 'லுவோ நதியின் தெய்வமகள்' என்னும் நாடகத்தை நடித்தார். நடிப்பைப் புகழ்ந்த தாகூர், காட்சித்திரை கற்பனையிற் குன்றியிருப்பதாகவும் துணிவான வண்ணங்கள் வேண்டுமெனவும் கருத்துரைத்ததாக மேய் பின்னர் எழுதினார். மொழியறியாத அவ்விருந்தினர் குறைகண்டது, சீன மேடை அண்மையிலேயே பிறரிடமிருந்து பெற்ற பகுதியையே என்பது ஈண்டு நோக்கத்தக்கது. தாமும் பாடலும் நாடகமும் ஆக்கியவராகலின், அவர் அம்மேடையின் முன்னே பயணியாக அன்றிச் சக கலைஞராகவே இருந்தார். மேயும் அக்கருத்தைத் தள்ளாது திரையமைப்பைத் திருத்த முற்பட்டார்.

1930இல் மேய் அமெரிக்கா சென்றபோது நாடகம் வெளிநாட்டார் கண்ணுக்கேற்ப அமைக்கப்பட்டது. நெடும்பாடல்களைவிட ஆடலும் அபிநயமும் மிக்க பகுதிகள் தெரியப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் முன் ஆங்கில விளக்கம் வழங்கப்பட்டது. 1935இல் மொஸ்கோவில் அவரைக் கண்ட ஜேர்மனிய நாடகாசிரியர் பேர்டோல்ட் பிறெக்ற், அடுத்த ஆண்டிலே சீன நடிப்பைப் பற்றி எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. பாத்திரத்தோடு ஒன்றாது விலகிநின்று காட்டும் நடிகனையே அவர் மேயிடம் கண்டார். ஒப்பனையின்றி, மேலைநாட்டு மாலையுடையிலே மேய் நிகழ்த்திய செய்முறை விளக்கம் அவரைப் பெரிதும் கவர்ந்தது. தம் அரங்கக் கொள்கைக்கு வேண்டியதை அவர் பெற்றுக்கொண்டார். அதனால் உலக நாடகம் வளம்பெற்றது. ஆயின் சீன நடிகர் பாத்திர உணர்வை விலக்கியவரல்லர். கட்டுப்பாடான வடிவத்தினுள்ளே அதனை நிரப்ப முயன்றவர்கள். த குறூஸ் குறையெனக் கண்டதும் பிறெக்ற் நிறைவெனக் கண்டதும் ஒன்றே. மேடை தன்னை மறைக்காமை. இருவரும் தத்தம் நாட்டு அரங்கின் வாயிலில் நின்றே அதனைக் கண்டனர். இகழ்ச்சி தவறாகலாம், புகழ்ச்சியும் தவறாகலாம்.

பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் (1966–1976) மரபு நாடகங்கள் மேடையினின்று அகற்றப்பட, விருந்தினருக்கு 'முன்மாதிரி' ஆக்கங்களே காட்டப்பட்டன. 1972இல் அமெரிக்க சனாதிபதி நிக்சன் கண்டதும் அத்தகைய புரட்சி நடனநாடகம் ஒன்றே. ஜெஹோலிற் போலவே அன்றும் மேடை விருந்தினரை நோக்கி அரசின் மொழியிற் பேசிற்று. அப்புரட்சி முடிந்தபின் மரபு நாடகங்கள் மீண்டன. 2010இல் பெய்ஜிங் ஒப்பேரா யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் இடம்பெற்றது.

பயணிகளின் சான்று தள்ளத்தக்கதன்று. மேசையின் கிடை, ஏட்டிலிருந்து நாடகம் தெரியும் முறை, திமிங்கிலம் பீச்சிய நீர் ஆகியவற்றை அவர்தம் கண்ணே காத்துத் தந்தது. ஆயின் அந்நாடகம் யாரிடம் எதைச் சொல்லிற்று என்பதற்குச் சீன ஏடுகளையும் பாடல்களையுமே நாடவேண்டும். ஒரு மக்களின் கலையைப் பற்றிப் பிறர் கூறும் சான்றை வரலாறு ஏற்கும்போது, அவர் எதைக் கண்டார் என்பதோடு, எதைக் கேளாதுவிட்டார் என்பதையும் வினவுதல் கடனாகும். மக்காட்னியின் நாட்குறிப்பும் அரண்மனை ஏடும் அருகருகே வைத்துப் படிக்கப்படும்போதே 1793ஆம் ஆண்டின் அக்காலைப்பொழுது முழுமை பெறுகின்றது.