மெக்காலே மலையேறிய ஆண்டு

கூடலூரிலிருந்து மேற்கே செல்லும் சாலை நாடுகாணியில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று தேவாலா, பந்தலூர் வழியாக வயநாட்டை நோக்கிப் போகிறது. மற்றொன்று மலைச்சரிவில் வளைந்து வளைந்து இறங்கி வழிக்கடவு, நிலம்பூர் என மலையாள நாட்டை அடைகிறது. மேகம் விலகிய வேளையில் அங்கு நின்று நோக்கினால், ஊரின் பெயருக்கேற்பக் கீழே நாடு காணத்தான் செய்கிறது. நாம் சென்றிருந்த ஆடி மாதத்திலோ சாரலையன்றி வேறெதுவும் காணக் கிடைக்கவில்லை.

மழைக்கு ஒதுங்கிய இடம் ஒரு சிறு மளிகைக் கடை. கடைக்கார அன்பர் நம்மை உள்ளே அழைத்து அமரவைத்துத் தேநீர் தந்தார். பேச்சு பிள்ளைகளின் படிப்பைப் பற்றிச் சென்றது. அவருடைய மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றுத் தேறியிருக்கிறாள். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்க விரும்புகிறாள். தந்தைக்கு மனம் ஒப்பவில்லை.

“ஆங்கிலம் படிக்கட்டும் பாய், நாலு பேரோடு பேசவும் ஒரு வேலைக்குப் போகவும் உதவும். ஆங்கில இலக்கியம் எதற்கு? வெள்ளைக்காரன் எழுதிய கதையையும் பாட்டையும் பட்டம் வாங்குகிற அளவுக்கு நம் பிள்ளை ஏன் படிக்க வேண்டும்?”

கேள்வி நியாயமானது. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக நம் சமுதாயத்தின் பல வீடுகளில் பலவாறாகக் கேட்கப்பட்ட கேள்வியுமாகும். ஆனால் அன்பருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. இந்நாட்டில் ஆங்கில இலக்கியம் பாடமாக அரியணை ஏறிய வரலாற்றில் ஓர் அத்தியாயம், அவருடைய கடையிலிருந்து சில மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள உதகையில் நிகழ்ந்தது.

1834ஆம் ஆண்டு ஜூன் மாதம் தாமஸ் பாபிங்டன் மெக்காலே சென்னைக் கரையில் இறங்கினார். கவர்னர் ஜெனரலின் ஆலோசனைக் குழுவில் சட்ட உறுப்பினராக நியமனம் பெற்று வந்தவர் அவர். கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் பிரபுவோ அப்போது உடல்நலம் தேடி உதகையில் தங்கியிருந்தார். எனவே மெக்காலேயும் மலைக்குப் புறப்பட்டார். இருப்புப்பாதை இல்லாத காலம் அது. ஏறத்தாழ 400 மைல் தூரம் பல்லக்கில், மனிதர் தோள்களின் மீதே அவர் பயணம் செய்தார். பெங்களூரும் மைசூரும் கடந்து ஜூன் இறுதியில் உதகையை அடைந்து, செப்டம்பர் வரை அங்கே இருந்தார். தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்கள் அவை. அந்நாளில் நம் நாடுகாணி நீலகிரியில் சேர்ந்ததன்று என்பதையும் இங்குச் சொல்லிவிடுவோம். தென்கிழக்கு வயநாடு எனப்பட்ட இப்பகுதி மலபார் மாவட்டத்தில் இருந்தது. 1877இல்தான் நீலகிரியோடு இணைந்தது.

மெக்காலே நூல்களை விழுங்கியவர் என்றால் மிகையாகாது. கப்பற் பயணத்தில் படித்தவற்றின் பட்டியலில் வால்டேரின் 70 தொகுதிகளையும் அவர் சேர்த்திருக்கிறார். உதகைக்கு அவர் கொண்டு சென்றவற்றுள் சாமுவேல் ரிச்சர்ட்சன் எழுதிய ‘கிளாரிசா’ என்னும் நாவலும் இருந்தது. 1747, 1748ஆம் ஆண்டுகளில் ஏழு தொகுதிகளாக வெளிவந்த பெருங்கதை அது. முழுவதும் கடிதங்களாலேயே ஆனது. குடும்பத்தாரின் வற்புறுத்தலுக்கும் ஒரு கயவனின் வஞ்சனைக்கும் இடையே சிக்கி அழியும் ஓர் இளம்பெண்ணின் துயரம்தான் கதை.

அந்நூல் மலையில் செய்த கலகத்தை மெக்காலே பின்னாளில் நாவலாசிரியர் வில்லியம் தாக்கரேயிடம் விவரித்தாராம். மெக்காலே மறைந்தபின், 1860இல், தாக்கரே அதனை எழுதிவைத்தார். நூல் கைமாறத் தொடங்கியதும் மலையிலிருந்த ஆங்கிலேயர் கூட்டம் முழுவதும் அந்தப் பெண்ணின் கதையில் மூழ்கிவிட்டது. கவர்னரின் துணைவியார் புத்தகத்தைப் பறித்துக்கொண்டார். அரசுச் செயலர் தம் முறைக்காகக் காத்துக் கிடந்தார். தலைமை நீதிபதியோ கண்ணீர் மறைத்ததால் படிக்க இயலாது திணறினார். சற்று மிகைப்படுத்திச் சொல்லியிருக்கலாம். மெக்காலே பேச்சில் வல்லவர். ஆயினும் ஆட்சியை நடத்தியவர்கள் ஒரு கற்பனைப் பெண்ணுக்காக அழுதார்கள் என்பதை நாம் நம்புகிறோம். இலக்கியத்தின் ஆற்றல் அது. அதே வேளையில், அவர்களைத் தோளில் சுமந்து மலையேற்றியவர்களுக்காக யாரேனும் கண்ணீர் விட்டதாக அந்தக் கதையில் இல்லை.

மலையிலிருந்து இறங்கிக் கல்கத்தா சென்ற மெக்காலே, 1835 பிப்ரவரி 2ஆம் நாள் தமது கல்விக் குறிப்பை எழுதினார். 1813ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் இந்தியரின் கல்விக்காக ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கச் சொல்லியிருந்தது. அப்பணத்தை அரபு, சமஸ்கிருதக் கல்விக்குச் செலவிடுவதா, ஆங்கிலக் கல்விக்குச் செலவிடுவதா என்பதே வழக்கு. மெக்காலே ஆங்கிலத்தின் பக்கம் தீர்ப்பளித்தார். ஐரோப்பிய நூலகம் ஒன்றின் ஒற்றை அலமாரிக்கு இந்தியா, அரேபியா ஆகிய இரு நாடுகளின் இலக்கியம் முழுவதும் ஈடாகாது என்னும் கருத்தை அதிலேதான் அவர் எழுதினார். தமக்கு அரபு மொழியும் சமஸ்கிருதமும் தெரியாது என்பதை அதே குறிப்பில் ஒப்புக்கொள்ளவும் செய்தார். தெரியாத ஒன்றைப் பற்றி அத்தனை உறுதியோடு தீர்ப்புக் கூறும் துணிவு அதிகாரம் கையிலிருப்பவர்களுக்கே வாய்க்கும்.

அவர் காட்டிய கணக்குகளும் உண்டு. அரசு அச்சிட்ட அரபு, சமஸ்கிருத நூல்கள் 23,000 படிகள் விலை போகாமல் முடங்கிக் கிடக்கின்றன என்றார். கல்கத்தா மதரஸாவில் அரபு பயிலும் 77 மாணவர்களுக்கு மாதம் 500 ரூபாய்க்கு மேல் உதவித்தொகை தர வேண்டியிருக்கிறது. ஆங்கிலம் பயில்வோரோ தாமே கட்டணம் செலுத்துகிறார்கள் என்றார். கணக்கு பொய்யன்று. ஆனால் விலை போகாத நூல் மதிப்பற்ற நூல் ஆகிவிடுமா? அந்த அளவுகோலைக் கொண்டு அளந்தால் நம் இலக்கிய ஏடுகளில் எத்தனை மிஞ்சும் என்று எண்ணிப் பார்க்கவே அச்சமாயிருக்கிறது!

1780இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் தொடங்கிய அந்த மதரஸாவை மூடிவிடலாம் என்பது மெக்காலேயின் யோசனை. செய்தி கசிந்ததும் கல்கத்தா முஸ்லிம்கள் திரண்டனர். எண்ணாயிரம் பேர் அளவில் கையொப்பமிட்ட மனு ஒன்று அரசிடம் அளிக்கப்பட்டது. மார்ச் 7ஆம் நாள் பெண்டிங்க் பிறப்பித்த ஆணை மதரஸாவை மூடவில்லை. ஆனால் புதிய மாணவர்களுக்கு உதவித்தொகை இல்லை, கீழைமொழி நூல்களை அச்சிடுவது இல்லை, மிஞ்சும் பணம் அனைத்தும் ஆங்கில இலக்கியத்துக்கும் அறிவியலுக்குமே என்றாயிற்று. அந்த மதரஸா இன்று ஆலியா பல்கலைக்கழகம் என்னும் பெயரில் வாழ்கிறது.

அரபு மொழிக்கு மெக்காலே வைத்த விலையை எண்ணாலேயே காட்டலாம். ஐ.சி.எஸ். பதவிக்கான போட்டித் தேர்வு 1855இல் லண்டனில் தொடங்கியது. அதன் திட்டத்தை வகுத்த குழுவுக்குத் தலைவர் மெக்காலேதான். ஆங்கில மொழி, இலக்கியம், வரலாறு ஆகியவற்றுக்கு 1,500 மதிப்பெண், கிரேக்கத்துக்கு 750, இலத்தீனுக்கு 750, அரபுக்கு 375. சமஸ்கிருதத்துக்கும் அதே 375 தான். எவரை ஆளப் போகிறார்களோ அவர்களுடைய மொழி, எங்கோ மறைந்துபோன உரோமானியரின் மொழியில் பாதி மதிப்புப் பெற்றது.

இதில் மற்றொரு வேடிக்கை உண்டு. இங்கே பிள்ளைகள் மில்டனையும் ஷேக்ஸ்பியரையும் மனப்பாடம் செய்துகொண்டிருந்த காலத்தில், இங்கிலாந்தின் பழம்பெரும் பல்கலைக்கழகங்களில் ஆங்கில இலக்கியம் ஒரு தனிப் பாடமாகவே இல்லை. லண்டனில் 1828இல் ஒரு பேராசிரியர் பதவி ஏற்பட்டது உண்மை. ஆக்ஸ்போர்டில் அது தனித்துறையானது 1894இல், கேம்பிரிட்ஜில் 1917இல். சென்னைப் பல்கலைக்கழகமோ 1857இலேயே தோன்றி ஆங்கிலத்தைத் தேர்வுப் பாடமாக்கிவிட்டது. ஆங்கில இலக்கியக் கல்வி முதலில் வளர்ந்த இடம் காலனி நாடே என்னும் வாதத்தை 1989இல் கௌரி விசுவநாதன் தம் ஆய்வு நூலில் விரிவாக எடுத்துவைத்தார். ஆளப்படுவோரின் மனத்தைப் பண்படுத்தும் கருவியாகவே அது பாடமாயிற்று என்பது அவர் முடிவு.

கருவி எப்போதும் செய்தவன் எண்ணியபடியே வேலை செய்வதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவரான சி. வை. தாமோதரம் பிள்ளை, கறையான் அரித்த ஏடுகளைத் தேடிக் கலித்தொகையை அச்சேற்றினார். நம் பெரியவர்கள் பலர் ஆங்கிலக் கல்வியையே ஐயுற்று ஒதுங்கினார்கள். அவர்கள் ஒதுங்கியதற்குக் காரணம் இருந்தது என்பதை மேலே கண்டோம். ஆனால் ஒதுங்கியதன் விலையையும் சமுதாயமே கொடுத்தது. அந்த இழப்பை உணர்ந்த பெருமக்களின் முயற்சியால்தான் 1951இல் சென்னையில் புதுக்கல்லூரியும் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியும் எழுந்தன.

அமெரிக்க இலக்கியம் நம் பல்கலைக்கழகங்களுக்கு வந்தது வேறு வழியாக. மெக்காலே குறிப்பு எழுதிய அதே பிப்ரவரி 2ஆம் நாள், சரியாக 115 ஆண்டுகள் கழித்து, 1950இல் இந்தியாவும் அமெரிக்காவும் ஃபுல்பிரைட் கல்விப் பரிமாற்ற ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டன. நாள் ஒத்துப்போனது தற்செயலே. 1951இல் அமெரிக்கா தந்த கோதுமைக் கடனின் வட்டியிலிருந்து நம் பல்கலைக்கழக நூலகங்களுக்கு அமெரிக்க நூல்கள் வாங்கித் தரப்பட்டன. 1964இல் ஹைதராபாத்தில் அமெரிக்க ஆய்வு மையம் ஒன்று ஏற்பட்டது. ரஷ்யாவுடன் நடந்த பனிப்போரில் நம் மனங்களை வெல்லும் நோக்கமும் அதில் கலந்திருந்தது என்பதில் ஐயமில்லை.

ஆனால் அந்த நூல்களைத் திறந்து பார்த்தால் என்ன தெரிகிறது? அமெரிக்கச் சிந்தனையாளர் எமர்சன் நம் மதரஸாக்களில் ஓதப்பட்ட ஷெய்கு ஸஅதியை ஜெர்மன் மொழிபெயர்ப்பில் படித்து மயங்கியவர். 1842இல் ஸஅதியின் பெயரையே தலைப்பாக்கிக் கவிதை எழுதினார். 1865இல் குலிஸ்தானின் அமெரிக்கப் பதிப்புக்கு முன்னுரை அளித்தார். ஆங்கிலக் கவிதையின் தந்தை எனப்படும் சாசரின் காவிய முன்னுரையில் வரும் மருத்துவர், இப்னு ஸீனாவையும் இப்னு ருஷ்தையும் அர்ராஸீயையும் கற்றவர். தனித்தீவில் வளரும் மனிதனைப் பற்றி இப்னு துஃபைல் எழுதிய ‘ஹை இப்னு யக்ளான்’ 1708இல் அரபிலிருந்து நேரே ஆங்கிலமாயிற்று. ‘ராபின்சன் குரூசோ’ வெளிவந்தது 1719இல். முன்னது பின்னதற்கு வித்தானதா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அரேபியாவின் நூல்கள் மெக்காலேயின் அந்த ஒற்றை அலமாரிக்குள்ளேயே வேறு பெயர்களில் அமர்ந்திருந்தன. அவர்தாம் காணவில்லை.

இன்னொருவர் வரலாறு இதைவிட உருக்கமானது. மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபூத்தா தோரோ நாட்டில் பிறந்து, இருபத்தைந்து ஆண்டுகள் மார்க்கக் கல்வி பயின்றவர் உமர் இப்னு ஸயீத். போரில் பிடிபட்டு, அடிமையாக விற்கப்பட்டு, 1807இல் அமெரிக்காவின் சார்லஸ்டன் துறைமுகத்தில் இறக்கப்பட்டார். கொடிய எசமானனிடமிருந்து தப்பியோடிப் பிடிபட்டுச் சிறையில் கிடந்தபோது, சுவரில் அரபு எழுத்துக்களைத் தீட்டினார். அடிமை என்றால் எழுத்தறியாதவன் என்றிருந்த ஊர் அதைக் கண்டு திகைத்தது. பின்னர் வடகரோலினாவில் ஜேம்ஸ் ஓவன் என்பவரின் வீட்டில் வாழ்நாள் முழுதும் அடிமையாகவே இருந்து, அடிமைமுறை ஒழியுமுன்பே மறைந்தார். தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றார் என்றும் பதிவுண்டு. ஆனால் 1831இல் அவர் அரபு மொழியில் எழுதிய தன்வரலாறு, அல் முல்க் ஸூராவோடு தொடங்குகிறது. ஆட்சி எவன் கையிலுள்ளது என்பதைச் சொல்லும் அத்தியாயத்தை அந்த அடிமை தேர்ந்தெடுத்தது ஏன் என்று நாம் விளக்க வேண்டியதில்லை. கற்றதில் பெரும்பகுதியை மறந்துவிட்டேன், பிழை பொறுக்க வேண்டும் என்று படிப்பவரிடம் அதில் வேண்டுகிறார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2017இல் அவ்வேட்டைப் பெற்றது. அமெரிக்க இலக்கிய வரலாறு எழுதுவோர் இன்று அதனைத் தவிர்க்க முடிவதில்லை. மெக்காலேயின் குறிப்புக்கு நான்காண்டு மூத்தது அது.

நாடுகாணியில் மழை விடுவதாக இல்லை. இவற்றையெல்லாம் நாம் சொல்லி முடித்தபோது, கடைக்குப் பின்னாலிருந்த கதவருகே அந்தப் பெண் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இப்பகுதியில் ஆங்கிலம் முதலில் வந்தது துரைமாரின் செக்ரோல் கணக்காகவும் தேவாலாத் தங்கச் சுரங்கக் கம்பெனிகளின் பங்குப் பத்திரமாகவும்தான். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பிக் கூடலூர், பந்தலூர்த் தோட்டங்களில் குடியேறியவர்களும் அந்தக் கணக்கு ஆங்கிலத்தையே அறிவார்கள். இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் மேலே உதகை அரசு கலைக் கல்லூரிக்குப் போகலாம். சல்லிவன் துரை கட்டிய கல் பங்களா இருக்கும் வளாகத்தில் 1955ஆம் ஆண்டு முதல் நடந்துவருவது அது. அல்லது மலையிறங்கி, 1965இல் எம்.இ.எஸ். அமைப்பு நிலம்பூரை அடுத்த மம்பாட்டில் நிறுவிய கல்லூரிக்கும் போகலாம்.

தந்தை சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு கேட்டார்:

“அந்த உமர் எழுதியதை இவர்களுக்குப் பாடமாக வைத்திருக்கிறார்களா பாய்?”

மகள் உள்ளே சென்று, தான் வாங்கி வைத்திருந்த பாடத்திட்டத் தாளைக் கொண்டுவந்து தந்தாள். நாம் முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பார்த்தோம். எமர்சன் இருந்தார், விட்மன் இருந்தார், ராபர்ட் ஃப்ராஸ்ட் இருந்தார். உமர் இல்லை. அவள் தாளைத் திரும்ப வாங்கி, ஓரத்தில் அந்தப் பெயரை ஆங்கிலத்திலும் அரபிலும் எழுதிக்கொண்டாள்.