எழுதுதலும் தெரிந்தெடுத்தலும்: இணையவழி உயர்கல்வியில் தேர்வுமுறை — பிம்ப்ரியை முன்வைத்து

முன்னுரை

கற்பிக்கும் இடமும் தேர்வு நடத்தும் அமைப்பும் வேறுவேறாக இருப்பது இந்திய உயர்கல்விக்குப் புதியதன்று. 1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கையை அடியொற்றி, 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய இடங்களில் நிறுவப்பெற்ற பல்கலைக்கழகங்கள் இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டவை. கல்லூரிகள் கற்பித்தன, பல்கலைக்கழகம் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கியது. சென்னையின் முதல் பட்டதாரிகளுள் ஒருவரான சி.வை. தாமோதரம் பிள்ளை இம்முறையில் பட்டம் பெற்றவரே. தில்லியில் 1962இலும் மதுரையில் 1971இலும் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்வியில் பாடம் அஞ்சலில் சென்றது. ஆனால் மாணவர் தேர்வுக்கூடத்தில் அமர்ந்து தம் கைப்பட விடை எழுதும் வழக்கம் மாறவில்லை. இவ்வழக்கத்தை இணையவழிக் கல்வி எவ்வாறு மாற்றியது என்பதையும், மொழித்துறையினர்க்கு அம்மாற்றம் உணர்த்துவது யாது என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

பிம்ப்ரியும் 2020ஆம் ஆண்டுத் தேர்வும்

புணேயை ஒட்டிய தொழில் நகரமாகிய பிம்ப்ரியில் 1954இல் இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் ஆலை அமைந்தது. பின்னர் இவ்வூர் கல்வி நிலையங்களும் நிறைந்த நகராயிற்று. இங்குள்ள கல்லூரிகள் பல சாவித்திரிபாய் புலே புணே பல்கலைக்கழகத்தின் இணைப்பைப் பெற்றவை. 2020இல் கொரோனாத் தொற்றினால் கல்லூரிகள் மூடப்பட்டன. இறுதியாண்டுத் தேர்வுகளை நடத்தியே தீரவேண்டும் எனப் பல்கலைக்கழக மானியக் குழு சூலை 6ஆம் நாள் நெறிமுறை வகுத்தது. தேர்வின்றிப் பட்டம் வழங்க இயலாது என்னும் நிலைப்பாட்டை உச்ச நீதிமன்றம் ஆகஸ்டு 28இல் உறுதிசெய்தது. அவ்வாண்டு அக்டோபரில் புணே பல்கலைக்கழகம் நடத்திய இறுதியாண்டுத் தேர்வு கொள்குறி வினாக்களால் அமைந்தது. மாணவர் விடையை எழுதவில்லை. தரப்பட்டவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தனர்.

பெருந்தொகையான மாணவர்க்குக் குறுகிய காலத்தில் முடிவு வெளியிட வேண்டிய நெருக்கடியில் இம்முறை பயன்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், இந்திய மொழிகளைக் கணிப்பொறியில் எழுதும் கருவிகள் உருப்பெற்ற இடங்களுள் புணேயும் ஒன்று என்பது இங்குக் கருதத்தக்கது. 1988இல் அங்கு நிறுவப்பெற்ற சி-டாக் நிறுவனம் இத்துறையில் முன்னின்று உழைத்தது. இந்திய எழுத்துகளுக்கான இஸ்கி குறியீடு 1991இல் தரநிலையாக ஏற்கப்பட்டது. கருவி இருந்தும், ஆண்டுக்கணக்கில் கையால் எழுதிப் பழகிய மாணவர் ஒரு மணி நேரத்தில் விசைப்பலகையால் விடை எழுதுவது எளிதன்று. கருவி கிடைப்பது வேறு; அக்கருவி கல்வியின் இயல்பான பகுதியாவது வேறு.

சென்னையின் மாற்றுவழி

அதே ஆண்டு செப்டம்பரில் சென்னைப் பல்கலைக்கழகம் வேறொரு வழியைக் கையாண்டது. மாணவர் வீட்டிலிருந்தே தாளில் விடை எழுதி, அதனைப் படமாக்கி இணையத்தில் ஏற்றினர். இங்கு எழுத்து காக்கப்பட்டது, கண்காணிப்பு தளர்ந்தது. புணேயில் விரைவும் சீர்மையும் கிட்டின, எழுத்து நீங்கியது. இரண்டையும் ஒருங்கே பெற இயலாமையே இணையவழித் தேர்வின் அடிப்படைச் சிக்கல் எனலாம்.

இன்றைய நிலை

2020 செப்டம்பரில் வெளிவந்த மானியக் குழு விதிமுறைகள் இணையவழிப் பட்டப்படிப்புகளை முறைப்படுத்தின. பிம்ப்ரியிலுள்ள டாக்டர் டி.ஒய். பாட்டீல் வித்யாபீடம் என்னும் நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் இத்தகைய படிப்புகளை நடத்துகிறது. இவ்விதிகளின்படி பருவ இறுதித் தேர்வுக்கு 70 விழுக்காட்டிற்குக் குறையாத மதிப்பும், தொடர் மதிப்பீட்டிற்கு எஞ்சிய பங்கும் உரியன. இறுதித் தேர்வைக் கண்காணிக்கலாம்; வீட்டில் எழுதும் ஒப்படைப்பைக் கண்காணித்தல் அரிது. 2011இல் கூகுள் தமிழ் மொழிபெயர்ப்பு அறிமுகமானபோதே இவ்வினா எழுந்தது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின் கட்டுரையும் மொழிபெயர்ப்பும் மாணவருடையனவா என்பதைப் படியை மட்டும் பார்த்து அறிவது கடினமாயிற்று.

முடிவுரை

கொள்குறி வினா ஒரு தொடரின் சரியான மொழிபெயர்ப்பை இனங்காணும் திறனை அளக்கும். அத்தொடரை ஆக்கும் திறனை அளக்காது. மொழிபெயர்ப்பாளர் தொழிலில் விடைகளை யாரும் வரிசைப்படுத்தித் தருவதில்லை. தெரிந்தெடுத்தலை மட்டும் அளந்து மொழிப்பட்டம் வழங்கினால், அப்பட்டம் சான்றளிக்கும் திறன் சோதிக்கப்படாத திறனாகவே நின்றுவிடும். ஆகவே, மாணவர் தாம் மொழிபெயர்த்த பகுதியுடன் சொற்தேர்வுக்கான காரணக் குறிப்பையும் அளித்தல், அதன்மீது நேர்முகமாகவோ காணொலி வழியாகவோ குறுகிய வாய்மொழித் தேர்வு நடத்துதல், விசைப்பலகைப் பயிற்சியை முதற்பருவத்திலேயே பாடமாக்குதல் ஆகியன மேற்கொள்ளத்தக்கவை. இவற்றிற்கு ஆசிரியரின் நேரம் மிகுதியாகத் தேவைப்படும். அந்நேரத்தைக் கணக்கிலெடுக்காத இணையவழிக் கல்வித் திட்டம், செலவை மிச்சப்படுத்தினும் மதிப்பீட்டை இழந்ததாகும்.