தண்டவாளம் போட்டவனின் கணக்கு

அரசியல் கவிதை என்றதும் நம்மிடையே இரண்டு குரல்கள் உடனே எழும். ஒன்று, அது வெறும் கோஷம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மற்றது, மக்களுக்கு நம்பிக்கை ஊட்டாத எழுத்து எழுத்தே இல்லை என்று மேஜையைத் தட்டும். இரண்டுமே கவிதையைப் படிக்காமல் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடியவை. ஒரு நாடு பணமுடையில் திணறி, போரின் காயம் ஆறாமல், ஓர் ஆட்சி தோற்று மற்றொன்று இன்னும் வந்து சேராமல் நிற்கும் இடைவெளியில் கவிஞர்கள் என்னதான் எழுதினார்கள் என்று பார்த்தால் இந்த வழக்குக்குக் கொஞ்சம் தெளிவு கிடைக்கலாம். அமெரிக்காவில் அப்படியொரு இடைவெளி 1932-33 குளிர்காலத்தில் வந்தது. 76 ஆண்டுகள் கழித்து 2008-09 குளிர்காலத்தில் மறுபடியும் வந்தது. இரண்டு காலத்துக் கவிதைகளிலும் ஒரே ஆள் நடமாடுகிறான்: ரயில் பாதை போட்ட தொழிலாளி. முதலில் அவனே பேசுகிறான். பிறகு அவனைப் பற்றிப் பேசுகிறார்கள். இந்த மாறுதல் எப்படி நேர்ந்தது என்பதே இங்கு விஷயம்.

முதலில் காலம். 1932 நவம்பர் 8ஆம் தேதி நடந்த தேர்தலில் ஜனாதிபதி ஹூவர் தோற்றார். 48 மாநிலங்களில் 42 ரூஸ்வெல்ட் பக்கம் போயின. ஆனால் அன்றைய ஏற்பாட்டின்படி புதியவர் பதவி ஏற்பது மார்ச் 4ஆம் தேதிதான். ஏறக்குறைய நான்கு மாத காலம் ஒருவரிடம் பதவி இருந்தது, மதிப்பு இல்லை. மற்றவரிடம் மதிப்பு இருந்தது, பதவி இல்லை. ஹூவர் தம் திட்டங்களுக்குக் கூட்டுப்பொறுப்பு ஏற்க அழைத்தார். ரூஸ்வெல்ட் பிடி கொடுக்கவில்லை. 1933 பிப்ரவரி 14ஆம் தேதி மிச்சிகன் மாநில கவர்னர் தம் மாநிலத்து வங்கிகளை மூடினார். பீதி பரவிற்று. பதவியேற்பு நாளுக்குள் பெரும்பாலான மாநிலங்களில் வங்கிகள் மூடிக் கிடந்தன, அல்லது பணம் எடுக்கக் கட்டுப்பாடு வந்துவிட்டிருந்தது. அந்த ஆண்டு உழைப்பாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு வேலை இல்லை.

போர் 1918லேயே முடிந்துவிட்டது என்று சரித்திரப் புத்தகம் சொல்லும். அந்தப் போரில் சண்டையிட்டவர்களுக்கு அது முடிந்திருக்கவில்லை. 1924ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கு ஒரு போனஸ் தொகையை வாக்களித்து, அதைக் கையில் கொடுக்க 1945 வரை தவணை வைத்திருந்தது. வேலையும் சோறும் இல்லாத சிப்பாய்கள் அதை உடனே கேட்டு 1932 கோடையில் ஆயிரக்கணக்கில் வாஷிங்டனில் வந்து குடிசை போட்டார்கள். ஜூலை 28ஆம் தேதி, குதிரைப்படை, டாங்கிகள், கண்ணீர்ப் புகை சகிதம் தளபதி மக்கார்தர் அவர்களை விரட்டினார். குடிசைகள் எரிந்தன. அரசாங்கத்தின் சீருடை அணிந்து போரிட்டவர்கள் மீது அரசாங்கத்தின் சீருடையே பாய்ந்தது. தேர்தலுக்கு அப்போது மூன்று மாதத்துக்குச் சற்று மேல்தான் இருந்தது.

இந்தச் சூழ்நிலையில், 1932 அக்டோபரில், நியூயார்க்கில் ‘அமெரிக்கானா’ என்ற மேடைக் காட்சியில் ஒரு பாட்டு பாடப்பட்டது. ‘பிரதர், கேன் யூ ஸ்பேர் எ டைம்?’ - டைம் என்பது பத்து சென்ட் நாணயம். வரிகளை எழுதியவர் யிப் ஹார்பர்க். மெட்டு ஜே கார்னி. ஹார்பர்க் நியூயார்க்கின் ஏழை யூதர் பகுதியில் பிறந்தவர். மின்சாதன வியாபாரம் செய்து, 1929 சரிவில் அதைத் தொலைத்து, அதன் பிறகே பாட்டு எழுதுவதைத் தொழிலாக்கிக்கொண்டவர். பிங் க்ராஸ்பியும் ரூடி வாலியும் தனித்தனியே பாடிய இசைத்தட்டுகள் தேர்தலுக்கு முன்பே நாடெங்கும் ஒலித்தன.

பாட்டில் ஒரே ஒரு ஆள் பேசுகிறான். ரயில் பாதை போட்டான். கோபுரம் கட்டினான். சீருடை மாட்டிப் போருக்குப் போனான். இப்போது ரொட்டிக்கு வரிசையில் நிற்கிறான். சொல்வது இவ்வளவுதான். பாட்டில் எந்தத் தலைவன் பெயரும் இல்லை. வரப்போகும் நல்ல நாள் பற்றி ஒரு சொல்கூட இல்லை. நம்பிக்கை வருகிறது - ஆனால் கடந்த காலத்தில். ஒரு கனவைக் கட்டுவதாக அவனிடம் முன்பு சொல்லியிருந்தார்கள் என்ற அளவில். அவன் விலை கொடுத்து வாங்கிவிட்ட, இன்னும் கைக்கு வந்து சேராத சரக்கு அது.

இதை இரங்கல் பாட்டு என்று எடுத்துக்கொள்வது சுலபம். ஹார்பர்க் அப்படி நினைக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து ஸ்டட்ஸ் டெர்கெல் தொகுத்த நேர்முக நூலில் (1970), அந்த ஆளைப் பிச்சைக்காரனாகக் குறுக்கிவிடக் கூடாது என்பதே தமது அக்கறை என்று விளக்கினார். இந்தச் செல்வத்தை உண்டாக்கியவன் நான், அது எங்கே போயிற்று என்று கேட்பவன் அவன். நம் புறத்திணைத் துறைகளில் இதற்கு நெருங்கிய பெயர் ஒன்று உண்டு: பரிசில் கடாநிலை. வரவேண்டியது வராதபோது நெருக்கிக் கேட்பது. அங்கே புலவன் கேட்பதில் இரக்கத்தைவிட உரிமை கூடுதல். தன்னைப் பார்க்காமலே அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்தது இந்த உரிமையின் உச்சம். ஹார்பர்க்கின் ஆளும் பார்க்கப்பட வேண்டும் என்கிறான். சகோதரன் என்று தொடங்கும் விளி போகப்போக நண்பன் என்று நெருங்குகிறது. நீ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவன் ஆயிற்றே என்று வந்து முடிகிறது. பத்து சென்ட்டைவிடப் பெரிய தொகை ஒன்று அங்கே பாக்கி நிற்பதைக் கேட்பவன் உணர்ந்துவிடுகிறான். பாட்டின் அரசியல் இந்த விளியில்தான் இருக்கிறது. எந்தக் கட்சிக்கும் அது வாக்குக் கேட்கவில்லை.

இது கவிதையா, மேடைப் பாட்டுதானே என்று கேட்கலாம். அதே இடைவெளியில் ‘முறையான’ கவிஞர் ஒருவர் என்ன செய்தார் என்று பார்த்துவிட்டு இந்தக் கேள்விக்கு வருவோம். ஆர்ச்சிபால்ட் மக்லீஷ் போரில் பீரங்கிப் படையில் இருந்தவர். விமானப் படையில் இருந்த தம்பியை 1918இல் பறிகொடுத்தவர். பணமுடைக் காலத்தில் வியாபார உலகின் பத்திரிகையான ‘ஃபார்ச்சூன்’ இதழில் வேலை பார்த்தார். கோடீஸ்வரர்களைப் பகலில் பேட்டி கண்டுவிட்டு இரவில் கவிதை எழுதிய மனிதர் என்று சொல்லலாம். 1933இல் வந்த அவரது ‘ஃப்ரெஸ்கோஸ் ஃபார் மிஸ்டர் ராக்கஃபெல்லர்ஸ் சிட்டி’ ஆறு கவிதைகளின் வரிசை. அதில் ஒன்றில் ரயில் பாதை ஓரம் புதைக்கப்பட்ட தொழிலாளிகள் மண்ணுக்கடியிலிருந்து பேசுகிறார்கள். பல தேசத்தவர்கள், கூலிக்கு வந்து செத்தவர்கள். மேலே ரயில் ஓடுகிறது, அவர்களுக்கு அதில் இடம் இல்லை. மொழி இறுக்கமானது, ஓசை கனமானது. தனிக் கவிதையாக ஹார்பர்க்கின் பாட்டைவிட நுட்பம் கூடியது என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் வரிசையில் வைத்துப் பார்க்கும்போது அந்தப் பிணங்களுக்கு வேறு ஒரு வேலை கொடுக்கப்பட்டிருப்பது தெரிகிறது. அடுத்து வரும் கவிதையொன்றில் மக்லீஷ் ரயில் முதலாளிகளைக் கிண்டல் செய்கிறார். கடைசிக் கவிதையில் நியூயார்க் புரட்சிக்காரர்களைக் கிண்டல் செய்கிறார். இரு தரப்பையும் விட மண்ணே பெரிது என்பது அவர் கட்சி. இடதுசாரி விமர்சகர் மைக் கோல்ட் இதில் ஃபாசிச மனத்தின் சாயலைக் கண்டார். அது மிகை. ஆனால் கோல்டின் எரிச்சலுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இறந்தவர்கள் பேசுகிறார்கள், யாரிடமும் எதுவும் கேட்க முடியாதவர்களாகப் பேசுகிறார்கள். அவர்கள் சொல் ஒரு சாட்சியம். கோரிக்கை ஆவதற்கு எதிரே ஒரு முகம் வேண்டும்; அது அங்கே இல்லை.

மக்லீஷ் இந்தக் குறையை ஒருவேளை உணர்ந்திருக்க வேண்டும். 1933 பிப்ரவரி வங்கிப் பீதியையே களமாக வைத்து ‘பேனிக்’ என்ற கவிதை நாடகம் எழுதினார். 1935 மார்ச்சில் நியூயார்க்கில் மூன்றே இரவுகள் நடந்தது. மக்காஃபர்ட்டி என்ற பெருவங்கியாளனாக நடித்தவர் 19 வயது ஆர்சன் வெல்ஸ். வங்கியாளர்களின் பேச்சுக்கு ஐந்து அழுத்தம் கொண்ட அடி. தெருவில் நின்று மின்விளக்குச் செய்தியைப் படிக்கும் கூட்டத்துக்கு மூன்று அழுத்தம் கொண்ட அடி. இது வெறும் யாப்புச் சோதனை இல்லை. அதிகாரத்தின் மூச்சும் பசித்தவன் மூச்சும் வேறு வேறு நீளம் என்று காதால் கண்டுபிடித்த காரியம். வேலையற்றவர்கள் வங்கியாளனின் அறைக்குள் நுழையும்போது முதன்முறையாக இரண்டு மூச்சும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. அந்தக் கணத்தில், வந்தவர்களில் ஒரு குருடன் விதியைப் பற்றிச் சொல்ல, வங்கியாளன் கலங்குகிறான். கடைசியில் தன்னை மாய்த்துக்கொள்கிறான். மூன்றாவது இரவில் நாடகம் முடிந்ததும் இடதுசாரிகள் மேடையேறி விவாதித்தார்கள். விதி என்று நீங்கள் சொல்வதை நாங்கள் சரித்திரம் என்போம் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். எனக்கு இரண்டு பெயர்களும் ஒன்றுபோலவே படுகின்றன. எந்தப் பெயரைச் சொன்னாலும், கூட்டம் கேட்க வந்த கேள்வி கேட்கப்படாமல் போய்விடுகிறது.

இனி அந்தக் கேள்விக்கு வரலாம். மேடைப் பாட்டுக்காரர் யாப்பில் எளியவர். ஆனால் தம் ஆளை உயிரோடு, ஒரு முகத்தின் எதிரே நிறுத்தினார். கவிஞர் யாப்பில் வல்லவர். தம் ஆளைச் சாகடித்த பிறகே பேச வைத்தார். உருவம் என்று நாம் ஓயாமல் பேசுவதில் இதுவும் சேர வேண்டும்: யார் யாரைப் பார்த்துப் பேசுவது என்பது.

நடந்த சரித்திரமும் இந்தப் பக்கமே சாட்சி சொல்கிறது. ஹூவர் போய் ரூஸ்வெல்ட் வந்தார். புது ஆட்சி பலருக்கு வேலை தந்தது. ஆனால் சிப்பாய்களின் போனஸை 1935இல் அவரும் மறுத்தார். 1936இல் மீண்டும் மறுத்தபோது, மறுப்பை மீறிக் காங்கிரஸ் அதை நிறைவேற்றியது. 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வயல் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் விட்டுவிட்டது. தெற்கே கறுப்பர்களில் மிகப் பலர் இவர்கள்தாம். நம்பிக்கையைப் பாடியவன் 1933 மார்ச்சில் பாட்டை முடித்துக்கொண்டிருக்கலாம். கணக்குக் கேட்டவனால் முடியவில்லை.

2008க்கு வருவோம். செப்டம்பர் 15இல் லேமன் பிரதர்ஸ் திவால். அக்டோபர் 3இல் நிதி நிறுவனங்களைக் காப்பாற்ற 70,000 கோடி டாலர் ஒதுக்கிய சட்டம். நவம்பர் 4இல் ஒபாமா வெற்றி. ஆப்கானிஸ்தானில் 2001 முதலும் ஈராக்கில் 2003 முதலும் போர். ஈராக் போர் தொடங்குமுன் கவிஞர்களுக்கும் வெள்ளை மாளிகைக்கும் ஒரு பூசல் நடந்திருந்தது. 2003 பிப்ரவரியில் ஜனாதிபதியின் மனைவி கூட்டவிருந்த கவிதைக் கருத்தரங்குக்கு ஸாம் ஹாமில் என்ற கவிஞர் அழைக்கப்பட்டார். அவர் மறுத்து, போருக்கு எதிரான கவிதைகளை அனுப்பும்படி மற்றவர்களைக் கேட்டார். ஆயிரக்கணக்கில் வந்தன, கருத்தரங்கு நிறுத்தப்பட்டது. ஆகவே 2009 ஜனவரி 20ஆம் தேதி எலிசபெத் அலெக்ஸாண்டர் பதவியேற்பு மேடையில் ஏறியபோது, கவிதை மறுபடி மாளிகை வாசலுக்கு வருகிறது என்ற பொருளும் அதற்கு இருந்தது.

பதவியேற்பில் கவிதை வாசிப்பது பழைய மரபு இல்லை. 1961இல் ராபர்ட் ஃப்ராஸ்ட்தான் முதல். அன்றைக்கென்றே எழுதிக் கொண்டுவந்ததை வெயிலின் கூச்சத்தில் படிக்க முடியாமல், தம் பழைய கவிதையொன்றை மனப்பாடமாகச் சொல்லி இறங்கினார். அலெக்ஸாண்டர் நாலாவது. ‘ப்ரெய்ஸ் சாங் ஃபார் த டே’ என்று, மேற்கு ஆப்பிரிக்கப் புகழ்ப் பாடல் வடிவத்தைத் தலைப்பிலேயே வைத்தார். ஆனால் புகழ் தலைவனுக்கு இல்லை. ஒபாமா பெயர் கவிதையில் எங்குமில்லை. பேருந்துக்கு நிற்கிறவர்கள், வானத்தைப் பார்க்கும் விவசாயி, பள்ளி ஆசிரியை - இவர்களுக்கு. அப்புறம் இறந்தவர்களுக்கு: தண்டவாளம் போட்டவர்கள், பாலம் தூக்கியவர்கள், பருத்தி எடுத்தவர்கள், தாங்கள் கட்டிய கட்டிடங்களையே பிறகு துடைத்துப் பெருக்கியவர்கள். இங்கே ஹார்பர்க் சொல்லாமல் விட்ட ஒரு கூட்டமே உள்ளே வருகிறது. 1935 சட்டம் விட்டுவிட்ட அதே வயல் கூலியும் வீட்டு வேலைக்காரியும். இது சிறிய காரியமில்லை. கவிதை சப்பென்று இருந்ததாகக் குறை சொன்ன விமர்சகர்கள் பலர் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஆனாலும் 1932க்கும் இதற்கும் நடுவே ஏதோ கை நழுவிவிட்டது. தண்டவாளம் போட்டவன் மறுபடி இறந்தவனாகிவிட்டான். இந்த நாளைக் கொண்டுவந்தவன் என்று வணங்கப்படுகிறான்; அவனுக்குப் பாக்கி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. புகழ் கணக்கை முடித்துவைக்கும் குணம் உள்ளது. பாடாண் பாட்டில் புலவன் பரிசில் பெற்றுக்கொண்டபின் நடப்பது அதுதான். நடந்துகொண்டிருந்த இரண்டு போர்கள் கவிதையில் பெயரளவில்கூட இல்லை. 2003இல் மாளிகைக்கு வெளியே நின்றபோது கவிதைக்கு வாயில் இருந்த சொல், 2009இல் மேடைமேல் ஏறியபோது இல்லாமற் போயிற்று. கவிஞரின் நேர்மையை நான் ஐயப்படவில்லை. மேடை செய்கிற வேலை அது.

அந்த முதல் 100 நாட்களுக்கு நாளுக்கொரு கவிதையாக நூறு கவிஞர்களிடம் எழுதி வாங்கிய தொகுப்பு ஒன்று 2010இல் நூலாக வந்தது. நாட்களை எண்ணுவது புகழைவிடக் கணக்குக்கு நெருக்கமானது. எண்ண வேண்டியவை நூறாவது நாளோடு நிற்கவில்லை. 2009 அக்டோபரில் வேலையின்மை நூற்றுக்குப் பத்தைத் தொட்டது. டிசம்பரில் மேலும் 30,000 வீரர்களை ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பும் முடிவு அறிவிக்கப்பட்டது. அங்கிருந்து கடைசி அமெரிக்க வீரன் வெளியேறியது 2021 ஆகஸ்டில்.

நம்பிக்கை ஊட்டுவது கவிதையின் கடமை என்பவர்களும், அரசியலைத் தொட்டால் கவிதை கெட்டுவிடும் என்பவர்களும் ஹார்பர்க்கின் பாட்டை ஒருமுறை காது கொடுத்துக் கேட்கலாம். அதில் நம்பிக்கை உண்டு. எதிரே நிற்பவன் என்னைத் தெரிந்தவன், கேட்டால் திரும்பிப் பார்ப்பான் என்ற அந்த ஒரே நம்பிக்கை. அது இல்லையென்றால் அவன் வாயையே திறந்திருக்க மாட்டான். அதற்குமேல் அவன் எதையும் நம்பச் சொல்லவில்லை. பாக்கியைத்தான் சொன்னான்.