மரைக்கார்: கரையேறிய சொல்

இலங்கையின் கிழக்குக் கரையில் அக்கரைப்பற்றும் ஆலையடிவேம்பும் ஒட்டிப் பிறந்த ஊர்கள். முதலாவதில் முஸ்லிம்கள் கூடுதல், அடுத்ததில் தமிழர் கூடுதல். இரண்டிலும் குடி என்றால் தாய்வழிதான்: பிள்ளை தாயின் குடி, ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. கோயிலில் குடிக்காக நிற்பவர் வண்ணக்கர். பள்ளிவாசலில் நிற்பவர் மரைக்கார்.

மரைக்கார் கடல் நனைந்த சொல். மரக்கலராயர் தேய்ந்து மரைக்காயர் ஆனது என்பார் ஒரு சாரார். கப்பலைக் குறிக்கும் 'மர்கப்' என்ற அரபுச் சொல்லைக் காட்டுவார் மறுசாரார். எனக்கு மரக்கலமே பொருத்தமாகப் படுகிறது. சிங்களத்தில் முஸ்லிம்களைக் குறித்த 'மரக்கல' என்ற பெயரில் கலம் சிதையாமல் இருக்கிறது. காயல்பட்டினத்தில் இது வணிகக் குடும்பப் பெயர். கோழிக்கோட்டில் சாமூதிரியின் கடற்படையை நடத்தியவர்கள் குஞ்ஞாலி மரைக்கார்கள். நான்காமவரைப் போர்த்துக்கேயர் 1600இல் கோவாவில் கொன்றார்கள். அதே போர்த்துக்கேயர் இலங்கையின் மேற்குக் கரையிலிருந்து துரத்திய முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் 1626இல் மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான். இங்கே, நெல்வயல்களின் நடுவே, கப்பல்காரரின் பட்டம் பள்ளிவாசல் பதவியாயிற்று. கந்தூரிக்குக் குடியின் பங்கைத் திரட்டுவதும், கலியாணப் பேச்சில் முன்னிற்பதும், பிணக்கைத் தீர்ப்பதும் மரைக்காரின் வேலை.

வண்ணக்கரும் இப்படித்தான் வந்தார். பழந்தமிழில் வண்ணக்கன் காசின் மாற்றுப் பார்ப்பவன். சங்கப் புலவர் சிலரின் பெயரிலேயே அந்தத் தொழில் ஒட்டியிருக்கிறது. பொன்னின் நாணயத்தைப் பார்த்தவர் பெயர், ஊர்ப்பணத்தில் நாணயமாக இருக்க வேண்டியவருக்கு வந்தது. இதைவிடப் பொருத்தமாக ஒரு பதவிக்குப் பெயர் வைக்க முடியுமா?

1956ஆம் ஆண்டின் வக்பு சட்டத்தோடு இன்னொரு சொல் பள்ளிவாசலுக்குள் வந்தது: நம்பிக்கையாளர். இன்று பலகையில் இருப்பது 'நம்பிக்கையாளர் சபை'.

நம்பிக்கையாளர் நல்ல தமிழ்ச்சொல். ஆனால் அவர் எந்தக் குடிக்காரர் என்று அது கேட்பதில்லை. மரைக்கார் என்றதும் 'எந்தக் குடி மரைக்கார்?' என்ற கேள்வி வரும். பதிலில் ஒரு தாய் இருப்பாள். அவள் வழியாகவே அந்த இருக்கை வந்தது. அதில் அவள் உட்கார்ந்ததில்லை.