குழாயை அடைத்த மட்டியும் குஞ்சு மீனின் வாயும்

வெள்ளிக்கிழமை காலைகளில் எமது சமையலறைக்கு மட்டி மூட்டை வரும். கடலில் வளர்த்த கறுப்பு மட்டி. உடைந்தவற்றையும், தட்டியும் வாய் மூடாதவற்றையும் எறிந்துவிட்டு, மிச்சமுள்ள ஒவ்வொன்றின் ஓரத்திலும் தொங்கும் நாரைப் பிடித்துச் சுண்டி இழுக்கவேண்டும். தலைமைச் சமையற்காரர் அதைத் தாடி என்பார். பாறையிலும் கயிற்றிலும் மட்டி தன்னைக் கட்டிக்கொள்வது இந்த நாரால்தான். பத்துக் கிலோவுக்குத் தாடி பிடுங்கி முடிக்கையில் விரல் நுனிகள் வெந்ததுபோல் இருக்கும். பல்கலைக்கழகத்தை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு ஓடிவந்த எமக்கு, அங்கே அரைகுறையாகப் படித்த விலங்கியல் ஞாபகத்துக்கு வருவது பெரும்பாலும் இந்தத் தொட்டியின் முன்னால்தான்.

தேம்ஸ் நதிக்கே உரிய பெரிய மட்டிகளுக்குத் தாடி கிடையாது. அவை சேற்றில் பாதி புதைந்து, தண்ணீரை உறிஞ்சி வடித்து, அதிலுள்ள பாசித் துணிக்கைகளைத் தின்று ஆண்டுக் கணக்கில் வாழ்பவை. வாத்து மட்டி என்று ஒன்று. ஓவியர் மட்டி என்று இன்னொன்று. ஒரு காலத்தில் ஓவியர்கள் இதன் ஓட்டில்தான் வர்ணம் குழைத்து வைத்தார்களாம். இவற்றின் குஞ்சுகள் தாயை விட்டு வெளியேறியதும் ஒரு மீனின் பூவிலோ செட்டையிலோ கொளுவிக்கொள்ளும். சில காலம் அந்த மீனோடு பயணம் செய்துவிட்டு எங்காவது ஓரிடத்தில் இறங்கிக்கொள்ளும். மீன் இல்லையென்றால் இந்த மட்டிகளுக்குச் சந்ததி இல்லை.

தாடியுள்ள நன்னீர் மட்டி ஒன்று லண்டனில் முதன்முதலாகப் பதிவாகி இருநூறு வருடங்கள் கடந்துவிட்டன. ஓட்டில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் உள்ளதால் வரிக்குதிரை மட்டி என்று பெயர். பெருவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. ரஷ்யப் பேரரசின் சேவையில் இருந்த பீற்றர் சைமன் பல்லாஸ் என்ற ஜேர்மானியர் வொல்கா, யூரல் நதிப் பக்கங்களில் இதைக் கண்டு 1771இல் விபரித்து எழுதினார். அப்போது அது கருங்கடலையும் கஸ்பியன் கடலையும் சேர்ந்த நதிகளின் பிராணி. பின்னர் அந்த நதிகளைப் பால்டிக் கடலோடு இணைக்கக் கால்வாய்கள் வெட்டப்பட்டன. கால்வாய் வெட்டியவர்கள் தானியத்தையும் மரத்தையும் நினைத்து வெட்டினார்கள். மட்டி தனக்கென்றே வெட்டியதாக எடுத்துக்கொண்டது. 1824இல் றொதர்ஹைத்தின் கொமேர்ஷல் டொக்ஸில் ஜேம்ஸ் டி கார்ல் சவர்பி இதை அடையாளம் கண்டார். பால்டிக்கிலிருந்து வந்த மரத்தோடு வந்திருக்கவேண்டும் என்பதே பொதுவான கருத்து. அந்தத் துறைமுகம் மரத்தால் வாழ்ந்தது. பலகைகளைத் தோளில் சுமந்து அடுக்கிய கூலியாட்களுக்கு இன்று அங்கே சிலை இருக்கிறது. 1970இல் துறைமுகத்தை மூடிவிட்டார்கள். கனடா வோட்டர் ஸ்ரேசனில் இறங்கினால் தெரியும் குளம் அதன் மிச்சம்.

ஒரு பெண் மட்டி வருடத்தில் பத்து லட்சம் முட்டை வரை இடும். குஞ்சு மீனைத் தேடாது. இரண்டு மூன்று வாரம் தண்ணீரில் மிதந்து திரிந்துவிட்டு, கல்லோ கட்டையோ இரும்போ கிடைத்ததும் தாடியால் கட்டிக்கொள்ளும். சேற்றிலுள்ள சுதேச மட்டியின் ஓடும் அதற்கு ஒரு கல்தான். பலதும் ஏறிக் குந்தினால் கீழே இருப்பது வாய் திறக்க முடியாமல், தீனியும் கிடைக்காமல் சாகும்.

இங்கிலாந்தின் கால்வாய்களினூடாக இது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பரவிவிட்டது. ஆயினும் அதைப் பற்றி அதிகாரிகள் அக்கறையோடு எழுதியவை பெரும்பாலும் குழாய் பற்றியவை. 1912இல் ஹாம்ரனில் லண்டனுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பெருங்குழாய் ஒன்றிலிருந்து தொன் கணக்கில் மட்டி வாரிக் கொட்டப்பட்டது. நூறு வருடம் கழித்தும் நீர்த்தேக்கச் சுரங்கங்களுக்குள் ஆட்கள் இறங்கிச் சுரண்டினார்கள். குழாய் அடைபட்டால் அதற்கொரு செலவுக் கணக்கு உண்டு. கணக்கு இருந்தால் வரலாறும் உண்டு. மட்டி தின்று முடித்த தீனியை நம்பிப் பிறந்த மீன்குஞ்சுக்கு அப்படி எந்தக் கணக்குப் புத்தகமும் கிடையாது.

நதியின் வரலாற்றைத் தேடிப் போனால் இது திரும்பத் திரும்ப எதிர்ப்படுகிறது. கப்பல்களின் அடித்தள நீரோடு ஐரோப்பாவுக்கு வந்ததாகச் சொல்லப்படும் சீன நண்டு தேம்ஸில் முதன்முதலாகப் பதிவானது 1935இல், செல்சியிலுள்ள லொட்ஸ் றோட் மின்நிலையத்தில். 1957இல் செத்த நதியென்று இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தாரே சொன்ன தேம்ஸுக்கு மீன்கள் திரும்பி வந்ததை அதே அருங்காட்சியகத்தின் அல்வின் வீலர் ஆவணப்படுத்தியதும் மின்நிலையங்களின் உதவியோடுதான். குளிர்விக்க இழுக்கும் தண்ணீரோடு வந்து வடிகட்டித் தட்டிகளில் சிக்கிய மீன்களை அவர் எண்ணினார். இயந்திரத்துக்கு இடைஞ்சலாக வந்து மாட்டியவைதான் வரலாற்றிலும் மாட்டின.

குஞ்சு மீன் என்ன தின்னும்? றோச் என்ற வெள்ளி மீனை எடுத்துக்கொள்வோம். தேம்ஸில் தூண்டில் போடும் எவருக்கும் தெரிந்த மீன். வசந்தத்தின் கடைசியில் முட்டை பொரிக்கும். வெளிவரும் குஞ்சு ஒரு சென்ரிமீற்றர்கூட இல்லை. கண்ணும் குடலுமாக ஒரு நூல்துண்டு. வயிற்றில் கட்டிக்கொண்டு வந்த மஞ்சட்கரு சில நாட்களுக்குத்தான். அதற்குள் வாய்க்கு அளவான இரை கிடைக்கவேண்டும். வாய் அத்தனை சிறிது என்பதால் முதல் இரை ரொட்டிபெரா போன்ற, கண்ணுக்கே தெரியாத விலங்குப் பிளாந்தன்கள். வளர வளர டாப்னியா முதலிய நீர்த்தெள்ளுகள், பிறகு பூச்சிகளின் புழுக்கள். நடுக்கோடையில் தெள்ளுகள் குறைந்தால் கல்லிலும் செடியிலும் படிந்த பாசியழுக்கைச் சுரண்டித் தின்னும். அதில் வயிறு நிரம்பும், உடம்பு வளராது. வளராத குஞ்சு முதல் மாரியைத் தாண்டுவது கடினம். சங்கக்கடைப் பங்கீட்டு மாவில் மாதக் கணக்கில் பிள்ளை வளர்த்த ஊர்க்காரருக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

மட்டி இங்கேதான் குறுக்கிடுகிறது. ஒரு வரிக்குதிரை மட்டி நாளொன்றுக்கு ஒரு லீற்றர் வரை தண்ணீரை வடிக்கும். அந்தத் தண்ணீரிலுள்ள பாசி ரொட்டிபெராவின் உணவு; ரொட்டிபெரா குஞ்சின் உணவு. மட்டி பாசியையும் தின்னும், சிறிய ரொட்டிபெராவையும் சேர்த்து விழுங்கும். குஞ்சை அது தொடுவதேயில்லை.

இதை ஒரு நதி முழுவதற்கும் கணக்கிட்டுக் காட்டியது லண்டன் அல்ல, நியூயோர்க்கின் ஹட்சன். 1991இல் அங்கே மட்டி கண்டுபிடிக்கப்பட்டது. மறு வருட முடிவுக்குள் நதியின் நன்னீர்ப் பகுதியை ஆக்கிரமித்துவிட்டது. கோடையில் அப்பகுதியின் தண்ணீர் முழுவதையும் ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் வடித்துவிடும் அளவுக்கு எண்ணிக்கை. மிதக்கும் பாசி ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் போயிற்று; சிறிய விலங்குப் பிளாந்தன்கள் எழுபது வீதத்துக்கு மேல். டேவிட் ஸ்ற்றேயரும் கூட்டாளிகளும் 2004இல் வெளியிட்ட கட்டுரையின்படி, நடுநீரில் இரை தேடும் இனங்களின் குஞ்சுகள் நடுத்தரக் கணக்கில் 28 வீதம் குறைந்தன. கரையோரச் செடிகளுக்குள் வாழும் இனங்களின் குஞ்சுகள் 97 வீதம் கூடின. தண்ணீர் தெளிந்ததும் வெளிச்சம் அடிக்குப் போய்ச் செடி வளர்ந்தது. செடியோரத்துப் புழுபூச்சியை நம்பியவை பிழைத்துக்கொண்டன. நடுநீர்க் குஞ்சுகள் மட்டி குறைந்த கீழ்நதிப் பக்கம் ஒதுங்கின. ஒரே மட்டி ஒரு கூட்டத்துக்குப் பஞ்சத்தையும் இன்னொரு கூட்டத்துக்கு விளைச்சலையும் கொண்டுவந்தது. இந்தக் கணக்கைப் போட 1974 முதலான குஞ்சு மீன் எண்ணிக்கைகள் இருந்தன. அவற்றை எடுப்பித்தவையும் மின்சாரக் கொம்பனிகள்தான்!

கோப்பை கழுவும் எமது நண்பருக்கு ஓர் இரவு கடை மூடிய பிறகு இதையெல்லாம் சொன்னோம். அவர் மட்டியின் பக்கம் நின்றார். “பாவம் மச்சான், அதுவும் எங்களைப்போல வந்ததுதானே. இருக்கிறவன் எல்லாம் வந்தவனைத்தான் திட்டுவான்.” சிரித்தோம். ஆனால் அவர் சொன்னது மனதில் கிடந்தது. 2014 ஒக்ரோபர் முதலாம் திகதி குவாகா என்ற இன்னொரு கருங்கடல் மட்டி பிரித்தானியாவிலேயே முதற்தடவையாக றேஸ்பரி ஆற்றில் அகப்பட்டபோது, பத்திரிகைகளில் ‘படையெடுப்பு’ என்ற சொல் தாராளமாக அடிபட்டது. றேஸ்பரி ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஓடும் சிற்றாறு. எம்மில் பலர் இந்நாட்டில் முதல் இரவைக் கழித்ததும் அந்தச் சுற்றாடலில்தான், கம்பி வேலிக்கு உள்ளே. சொற்கள் ஒன்றாயிருப்பதால் நண்பருக்கு மட்டி உறவாகிவிட்டது. இதில் எமக்கு உடன்பாடில்லை. ஒரு கெட்ட உவமையைத் தலைகீழாகப் பிடித்தால் அது நல்ல உவமை ஆகிவிடாது. றோச் குஞ்சின் வாயிலிருந்து இரை போனது உண்மை. எம்மீது பரிதாபப்பட்டு அதை மறைக்கமுடியாது. மட்டியைத் திட்டுபவர்களிடம் கேட்கவேண்டிய கேள்வி வேறு: கால்வாயை வெட்டியது யார், மரத்தை இறக்கியது யார், லாபத்தை எண்ணியது யார்? மட்டி தானாக நடந்து வரவில்லை.

குழாயும் மின்நிலையமும் இல்லாமல் எண்ணியவர் ஒருவர் உண்டு. 1964இல் றெடிங் நகரத்தருகே தேம்ஸின் அடியில் கிறிஸ்ரினா நேகஸ் என்ற ஆய்வாளர் மட்டிகளைச் சேகரித்து இனம் பிரித்து, வயது பார்த்து, அளந்து 1966இல் வெளியிட்டார். யாருக்கும் அவசரமில்லாத வேலை. ஏறத்தாழ அறுபது வருடங்களின் பின் கேம்பிறிட்ஜின் இசபெல் ஒலார்டும் டேவிட் ஆல்ட்றிட்ஜும் அதே இடத்தில் அதே வேலையைத் திரும்பச் செய்தார்கள். முடிவு 2022இல் வந்தது. வாத்து மட்டி பழைய தொகையின் 1.1 வீதம். ஓவியர் மட்டி 3.2 வீதம். இன்னோர் இனம் முற்றாக இல்லை. மிஞ்சியவையும் வயதுக்கேற்ற வளர்ச்சியில்லாமல் சிறுத்திருந்தன. 1964இல் அவ்விடத்தில் இல்லாத வரிக்குதிரை மட்டியும் ஆசிய மட்டியும் இப்போது இருந்தன. எல்லாப் பழியையும் வந்தவை மீது போட ஆய்வாளர்கள் துணியவில்லை. கழிவுநீர் சுத்தமாகி நதியில் பொஸ்பேற் குறைந்ததும் வளர்ச்சி குன்றியதற்குக் காரணமாக இருக்கலாம் என்றார்கள். நேகஸின் பட்டியல் இருந்திராவிட்டால் இந்த இழப்பு நடந்ததாகவே ஒருவருக்கும் தெரிந்திராது.

எமது ஊர்க் குளத்தின் சேற்றில் எமது கால் மிதித்த மட்டிக்கு என்ன பெயர், எத்தனை கிடந்தன என்று எழுதிய ஒரு தாளும் எம்மிடம் இல்லை. அக்கரையில் எண்ணூர், பழவேற்காடு பக்கம் தென்னமெரிக்காவிலிருந்து வந்த மட்டியொன்று உவர்நீர்ச் சேற்றைக் கம்பளம்போல் மூடியிருக்கிறது. மீனவர் வைத்த பெயர் காக்கா ஆழி. இறால் இறங்கும் சேறு போய்விட்டதென்று அவர்கள்தான் முதலில் சத்தம் போட்டார்கள். அங்கே குழாய் அடைபடும்வரை எவரும் காத்திருக்கவில்லை. வலையே குழாயின் வேலையைச் செய்தது.

ஹட்சனில் 2005ஐ ஒட்டி ஒரு மாற்றம் தெரிந்தது. மட்டிகள் நெடுங்காலம் உயிர் பிழைப்பதில்லை, பெரியவை அருகின. ரொட்டிபெராக்கள் திரும்பின.

சென்ற திங்கட்கிழமை, எமது ஓய்வு நாளில், கனடா வோட்டருக்குப் போனோம். ஒரு முதியவர் தூண்டிலோடு குந்தியிருந்தார். ஒரு சாண் நீளத்தில் றோச் ஒன்றைப் பிடித்து, எமக்குக் காட்டிவிட்டுத் திரும்பத் தண்ணீரில் விட்டார். அந்த அளவுக்கு வளர்ந்த றோச்சுக்குத் தொண்டைக்குள் பற்கள் உண்டு. அவற்றால் வரிக்குதிரை மட்டியை ஓட்டோடு நொறுக்கித் தின்னும். முதியவரிடம் இதைச் சொன்னோம். “அது தெரியும்,” என்றார், “ஆனால் அந்த அளவுக்கு வரவேண்டுமே.”